மூன்றரை வயதுக்குக் கதைப்புத்தகம் வழியாக வீட்டுக்கல்வி: எந்தத் திட்டத்தை எடுப்பது?

அந்திமந்தாரை:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயது. இன்னும் இரண்டு வருடமாவது அவளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். ஒர்க்‌ஷீட், எழுத்துப் பயிற்சி என்று ஆரம்பிக்காமல் கதைப்புத்தகங்களை மையமாக வைத்த ஒரு ப்ரீஸ்கூல் திட்டம் வேண்டும், அதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. எதை எடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

ஏற்கெனவே ஒன்றை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். பெயர் வேண்டாம். பெட்டி நிறையப் புத்தகம், கூடவே தடியான வழிகாட்டி, ஒவ்வொரு நாளுக்கும் கட்டம் போட்ட அட்டவணை. இன்றைக்கு இந்தக் கதை, இந்தப் பாட்டு, அந்தத் தகவல் புத்தகத்தில் இரண்டு பக்கம், முடித்ததும் டிக். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் ஒரு யானைக்குட்டி வழி தவறிப்போகிற கதை வந்தது, அவளுக்கு அது பிடித்துப்போனது, அவ்வளவுதான், எழுந்ததும் யானை, குளித்ததும் யானை, தூங்கும்முன் யானை. நான் அடுத்த புத்தகத்தைக் கையில் எடுத்தால் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு யானையைக் கொண்டுவந்து என் மடியில் போடுவாள். ஆறாவது வாரம் முடியும்போது அட்டவணையில் மூன்று வாரம் பின்தங்கியிருந்தேன். ஒரு நாள் “முதலில் இதை முடி, அப்புறம்தான் யானை” என்று குரலை உயர்த்திவிட்டேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டி மேலே வைத்தேன். கதை கேட்பது என்றாலே ஓடிவருகிற குழந்தையை நானே ஒளிந்துகொள்ள வைத்துவிட்டேனே என்று இன்னும் உறுத்துகிறது.

இப்போது மறுபடியும் தேடுகிறேன். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் முழுக்க வாசிக்கிற முறை இருக்கிறது என்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் புத்தகப் பட்டியல்களும் இருக்கின்றன. இன்னொரு பெட்டியே வாங்கு, இந்த முறை வேறு நிறுவனம் என்கிறாள் என் தங்கை. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ், இந்தத் திட்டங்களில் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம், அதற்கு என்ன செய்தீர்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கதைப்பெட்டி:

முதலில் அந்த உறுத்தலை விடுங்கள். கட்டிலுக்கு அடியில் போகும்போதும் புத்தகத்தோடுதானே போனாள்!

நீங்கள் கேள்விப்பட்ட முறை ‘ஃபைவ் இன் எ ரோ’ வாக இருக்கும், ஜேன் கிளேர் லாம்பர்ட் எழுதியது. ஒரே படப்புத்தகத்தைத் தொடர்ந்து ஐந்து நாள் வாசிப்பது, ஒவ்வொரு நாளும் அதே கதையை வேறு ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பது, இதுதான் அதன் அடிப்படை. ஒரு நாள் கதை நடக்கிற இடம், மனிதர்கள், இன்னொரு நாள் மொழி, பிறகு ஓவியம், கணக்கு, அறிவியல் என்று போகும். ஆனால் அது கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கானது. உங்கள் மகளின் வயதுக்கு ‘பிஃபோர் ஃபைவ் இன் எ ரோ’ என்று தனியாக இருக்கிறது, 2 முதல் 4 வயதுக்கு. அது இன்னும் தளர்வானது, கதையை ஒட்டிப் பேசவும் விளையாடவும் யோசனைகள், அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள், நீங்கள் வாங்குவது வழிகாட்டியை மட்டும்தான், கதைப்புத்தகங்களை நூலகத்திலோ கடையிலோ நாமேதான் தேட வேண்டும். பட்டியலில் சில பழைய புத்தகங்கள். கிடைக்காததற்காக ஒரு மாதம் அலைந்திருக்கிறேன், அலைந்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது. இருக்கிற புத்தகத்தை வைத்தே அதே மாதிரி செய்யலாம்.

என் மூத்தவனுக்கு இது அப்படியே பொருந்தியது. மூன்றாவது நாள் வரைக்கும் கதையைத்தான் கேட்பான், நான்காவது நாள் படத்தின் மூலையில் இருக்கிற எறும்பைப் பார்ப்பான், ஐந்தாவது நாள் அந்த எறும்பு எங்கே போகிறது என்று அவனே ஒரு கதை சொல்வான். உங்கள் யானைப் பெண்ணுக்கும் இது சரிப்படும் என்று நினைக்கிறேன். உண்மையில் அவளாகவே இந்த முறையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

மணல்வீடு:

நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பல வருடம் கதை வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே கதையைக் கேட்டு அடம்பிடிப்பதை யாரும் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். 2011இல் ஜெசிகா ஹோர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 3 வயதுக் குழந்தைகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். புதுச் சொற்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுதான், ஆனால் சிலருக்கு அவை வெவ்வேறு கதைகளில் வந்தன, சிலருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது. ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கதை என்ன ஆகும் என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மனம் மற்றதைக் கவனிக்க முடிகிறது, நான் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

திட்டத்தைவிட எப்படி வாசிக்கிறோம் என்பது முக்கியம். 1988இல் வைட்ஹர்ஸ்டும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த ஒரு முறை இருக்கிறது. பெரியவர் வாசிக்க, குழந்தை சும்மா கேட்பது என்று இல்லாமல், போகப்போகக் குழந்தையே கதை சொல்கிறவளாக மாற வேண்டும். “இது யார்?” என்கிறீர்கள், “யானை” என்கிறாள், “ஆமாம், நனைந்துபோன யானை” என்று ஒரு சொல் கூட்டுகிறீர்கள், அடுத்த முறை அவளே “நனைந்துபோன யானை” என்பாள். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டு உயிரை வாங்கக் கூடாது, அது பரீட்சை ஆகிவிடும். முதல் தடவை நிறுத்தாமல் வாசியுங்கள். மூன்றாவது நான்காவது தடவையில் இடையிடையே இரண்டு கேள்வி போதும்.

எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் அதில் பெரியவர் கேட்க வேண்டிய கேள்விகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். “யானை என்ன நிறம்?” என்ற மாதிரியே எல்லாம் இருந்தால் விட்டுவிடலாம். “இப்போது அதற்கு எப்படி இருக்கும்?”, “நீயாக இருந்தால் யாரைக் கூப்பிடுவாய்?” என்ற மாதிரி இருந்தால் அதை எழுதியவர் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் புத்தகங்களின் நீளம். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு வரியும் இருக்கும், இருபது வரியும் இருக்கும். மூன்றரை வயதுக்கு இருபது வரிப் புத்தகமே பட்டியல் முழுக்க இருந்தால் அந்தப் பட்டியல் அவளுக்கு இன்னும் ஒரு வருடம் கழித்துத்தான்.

நீலவானம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்து நாள் ஒரே புத்தகம் என்பது என் மகனிடம் எடுபடவில்லை. இரண்டாம் நாளே “இது தெரியும்மா” என்று எழுந்து போய்விடுவான். அவனுக்கு நாளுக்கு நாலு புத்தகம் வேண்டும், அதுவும் பாதி கதை, பாதி வண்டி, பூச்சி, எரிமலை. கைக்குழந்தை வேறு இருந்தது அப்போது. இன்றைக்கு என்ன வாசிப்பது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லாத மாதங்கள் அவை. நாள்வாரி அட்டவணை போட்ட பெட்டிதான் என்னைக் காப்பாற்றியது. பெட்டி என்றாலே தப்பு என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெட்டியில் போவதாக இருந்தால், சோன்லைட் 1990இலிருந்து இருக்கிறது, கிறிஸ்தவ அடிப்படையில் அமைந்தது, நமக்கு அது வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மதம் சாராமல் ஏறக்குறைய அதே பாணியில் வேண்டும் என்றால் புக்‌ஷார்க், அதில் வாரத்துக்கு 4 நாள்தான் அட்டவணை. அந்த ஐந்தாவது நாள் காலியாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் செய்த ஒரே மாற்றம், தேதியை அடித்துவிட்டேன். வாரம் 1, வாரம் 2 என்று அச்சில் இருந்ததை எல்லாம் பேனாவால் அடித்துவிட்டு வெறும் வரிசையாக வைத்துக்கொண்டேன். பின்தங்குவதற்கு எதுவுமே இல்லாமல் போனது.

வேப்பம்பூ:

மொழி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். படம் ஆங்கிலப் புத்தகத்தினுடையது, கதை நம்முடையது. இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான் செய்தேன். வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டு போனால் நமக்கும் திணறல், குழந்தைக்கும் கதை ஓட்டம் போய்விடும். ஆகவே முந்தின இரவே ஒரு தடவை நானே வாசித்துவிடுவேன், மறுநாள் படத்தைக் காட்டி நம் பேச்சில் சொல்வேன், “ஒரே ஒரு ஊரில்” என்று ஆரம்பித்தால் போதும், அது தானாக வந்துவிடும். புத்தகத்தில் தாளம் போட்டு வருகிற வரி இருந்தால் அதை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவேன், அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். நாலைந்து நாள் கழித்து அதே புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் அவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும், ஏனென்றால் கதைதான் ஏற்கெனவே தெரியுமே. ஒரே புத்தகத்தைத் திரும்ப வாசிக்கிற முறையில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது, அதனால் உங்கள் வீட்டுக்கு அதுதான் வசதி என்பேன்.

புத்தகமே இல்லாத கதையையும் நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் நம் பாட்டி சொன்ன கதை இருக்காது.

அந்திமந்தாரை:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், மனசு லேசாகிவிட்டது. நீலவானம், தேதியை அடிப்பது எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனைக்கும் பேனா பக்கத்திலேயேதான் இருந்தது. மணல்வீடு சொன்னபடி வழிகாட்டியை எடுத்துப் பார்த்தேன், கேள்விகள் முக்கால்வாசி நிறமும் எண்ணிக்கையும்தான். புத்தகங்கள் நல்ல புத்தகங்கள், அதில் குறை இல்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் “எழுத்து எப்போது ஆரம்பிக்கப் போகிறாய்?” என்று தினமும் கேட்கிறார்கள். கதை மட்டும் போதுமா? மனதுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

கதைப்பெட்டி:

சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர், இன்றைய கதைவழித் திட்டங்கள் பலவற்றுக்கு அவரது யோசனைகள்தான் வேர். நல்ல, உயிருள்ள புத்தகங்களைக் கொடுக்க வேண்டும் என்று அவ்வளவு வலியுறுத்தியவர், முறையான பாடத்தை 6 வயதுக்கு முன் தொடங்க வேண்டாம் என்கிறார். கேட்ட கதையைத் திரும்பச் சொல்லச் சொல்வது அவரது முக்கியமான முறை, அதையும் ஆறு வயதுக்கு முன் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார். அந்த வயதில் அவர் கேட்பது வெளியே காற்றிலும் மண்ணிலும் நீண்ட நேரம். அவர் வழியில் அமைந்த ‘ஆம்பிள்சைட் ஆன்லைன்’ இலவசம், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கான புத்தகப் பட்டியலும் அதில் உண்டு.

பெரியவர்களுக்கு நான் சொன்ன பதில் வேறு. என் மாமியாரையே ஒரு வாரம் கதை வாசிக்க உட்கார வைத்தேன். விரலை வைத்து வாசித்தார், மூன்றாவது நாள் பையன் அந்த விரலைப் பிடித்து “இதுதான் அந்த ‘ம’வா?” என்றான். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மணல்வீடு:

சேர்த்துச் சொல்கிறேன், ஓசை விளையாட்டு தனியாக வேண்டும். “மாமா, மாடு, மாலை, எல்லாம் எதில் ஆரம்பிக்கிறது?” என்று நடக்கும்போது கேட்பது, தாளத்துக்குக் கை தட்டுவது. காகிதம் பென்சில் வேண்டாம். அவள் கேட்டால் எழுத்தைக் காட்டுங்கள், கேட்காவிட்டால் காத்திருங்கள். வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள், பெரும்பாலான திட்டங்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாகக் காட்டும், அதில் ஒரு வாரத்தை எடுத்து, நூலகப் புத்தகத்தை வைத்து வீட்டில் ஓட்டிப் பாருங்கள். காய்ச்சல், விருந்தாளி, மழை எல்லாம் வருகிற சாதாரண வாரமாக இருக்கட்டும்.

அந்திமந்தாரை:

சரி, இப்போதைக்கு எதையும் வாங்கப்போவதில்லை. பழைய பெட்டியை இறக்கிவிட்டேன், அட்டவணையைத் தனியாகப் பிரித்து எடுத்து வைத்துவிட்டேன், புத்தகங்கள் மட்டும் தரையோடு இருக்கிற தட்டில், அவள் கை எட்டுகிற உயரத்தில். இந்த வாரம் முழுக்க யானை. நேற்று மூன்றாவது தடவை வாசிக்கும்போது “உன்னைக் காணோம் என்றால் நான் எங்கே தேட வேண்டும்?” என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் என்றாள். இரண்டு பேரும் அங்கேயே போய் உட்கார்ந்து மீதிக் கதையை வாசித்தோம், இடம் கொஞ்சம் நெருக்கம்தான்.