சுருட்டு அலமாரியில் ஈரம் காலை வாரிய கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி

மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் 4. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் கிடையாது. என்னிடம் இருப்பது வைன் கூலரை மாற்றி அமைத்த அலமாரி. கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை, உள்ளே மரத் தட்டுகள், சுமார் 400 சுருட்டு. ஈரம் வெளியே போகக்கூடாது என்று எல்லோரும் செய்வதுபோல அடியில் இருக்கும் வடிகால் துளையை ரப்பர் கார்க் வைத்து அடைத்திருந்தேன். உள்ளே ஈரம் ஊதும் சின்ன ஹியூமிடிஃபையர் ஒன்று, 68 சதவீத ஈரத்தில் செட் செய்தது.

கரண்ட் இல்லாத மூன்று நாளும் கதவைத் திறக்கவே இல்லை. அப்போது ஒன்றும் ஆகவில்லை. கெட்டதெல்லாம் கரண்ட் வந்த பிறகுதான். பயத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திறந்து திறந்து பார்த்தேன். வெளியே ஊரே ஊறிப்போய்க் கிடக்கிறது, உள்ளே கூலர் 19 டிகிரிக்கு இறங்க மூச்சுப் பிடித்து ஓடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே புகுந்த ஈரம் குளிர்த் தகட்டில் வேர்த்துக் கீழே இறங்கியிருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்ததும் ஹியூமிடிஃபையர் தன் பங்குக்குத் தண்ணீரை ஊதியிருக்கிறது. ஒன்று பிழிகிறது, இன்னொன்று ஊற்றுகிறது. ஈரம் காட்டும் மீட்டரோ பத்து நாளும் 67, 68 என்று அசையாமல் நின்றது.

பதினோராம் நாள் கீழ்த் தட்டை இழுத்தேன். இழுப்பு கனமாக இருந்தது. பின்பக்கம் கையை விட்டால் விரலில் சில்லென்று தண்ணீர். அங்கேதான் 2016-இல் அப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த கியூபா பெட்டி இருந்தது. அவர் இப்போது இல்லை. பெட்டியைத் திருப்பினேன். அடியில் குத்தியிருந்த மாதம், வருடம் மை கலைந்து நீலக் கறையாகி இருந்தது. திறந்தால் ஐந்தாறு சுருட்டின் நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூசணம். அந்த நேரத்திலும் மேலே மீட்டர் 68 காட்டியது. அந்த எண் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அண்ணா நகர் மேற்கு

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது சார். என்னுடையது நேர் எதிர் பருவம். கத்திரி வெயிலில் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தோம். வீட்டில் ஏசி ஓடவில்லை, அலமாரிக்குத் தனியாகக் குளிர்ச்சி எதுவும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் உள்ளே 32 டிகிரி. ஈரம் 69, மிகச் சரியாக. அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஒரு சுருட்டை எடுத்து லேசாகத் தட்டினேன். பழுப்புத் தூள் கொட்டியது. மேல் இலையில் குண்டூசியால் குத்தியதுபோல மூன்று ஓட்டை. சட்டைக் கையில் செம்பழுப்பாக ஒரு பூச்சி, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், நிதானமாக நடந்து போனது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மஞ்சள் டப்பாவுல வர்ற பூச்சியாச்சே" என்றாள். அதேதான். புகையிலை வண்டு என்று பெயர், ஆனால் மல்லி, மிளகாய், மஞ்சள் எதையும் விடாது. முட்டை வாங்கும்போதே இலைக்குள் இருந்திருக்கலாம். 23, 24 டிகிரியைத் தாண்டி வெக்கை கூடினால் பொரிக்கத் தொடங்கிவிடும்.

மிச்சத்தை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம், பிறகு கீழே ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அப்புறம்தான் வெளியே. நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடித்துவிடும். 140-இல் 90 பிழைத்தது. எல்லோரும் ஈரம் ஈரம் என்கிறீர்கள். சென்னையில் முதல் எதிரி வெக்கை.

மயிலாப்பூர் தெற்கு மாடவீதி

முதல் பதிவுக்காரருக்கு: உங்கள் மீட்டரே தப்பாக இருந்திருக்கும். இதை அடித்துச் சொல்வேன், ஏனென்றால் நான் இரண்டு வருடம் பொய் மீட்டரோடு குடும்பம் நடத்தியவன். அலமாரியோடு வந்த முள் வைத்த வட்ட மீட்டர், பித்தளை விளிம்பு, பார்க்க அழகு. எப்போது பார்த்தாலும் 62. நானும் வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். சுருட்டு பற்றவைத்தால் பாதியில் அணையும், இழுத்தால் வராது. இலையில்தான் குறை என்று நினைத்தேன்.

ஒருநாள் உப்புச் சோதனை செய்தேன். பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் உப்பு, சில சொட்டுத் தண்ணீர். கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் அதையும் மீட்டரையும் வைத்து மூடி 24 மணி நேரம் விட வேண்டும். உள்ளே 75-இல்தான் வந்து நிற்கும், அது உப்பின் குணம். என் முள் 63-இல் நின்றது. பன்னிரண்டு குறைவு! அப்படியென்றால் என் அலமாரி இரண்டு வருடமும் 74-இல் ஊறியிருக்கிறது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே சார், முதலில் உப்பு. மற்றதெல்லாம் பிறகு.

வேளச்சேரி வாசி

மயிலாப்பூர் சார், என்னிடம் இருந்தது ஒரு மீட்டர் இல்லை, மூன்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய டிஜிட்டல். மூன்றையும் உப்பில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே போட்டேன். 74, 75, 75. மீட்டர் பொய் சொல்லவில்லை. மூன்றையும் மேல் தட்டிலும் நடுத் தட்டிலும் வைத்தேன், கீழே ஒன்றுகூட வைக்கவில்லை. என் தப்பு அது. நடுவில் இருந்த காற்று 68-தான், கீழே இருந்த மரம் குளம்.

பெரம்பூர் லோகோ

என் கதை சின்னது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார், மரவாசனை, பட்டுப்புடவை வைக்கிற பீரோ மாதிரி இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு அந்துருண்டை வைத்துவிட்டார். நான் நாலு நாள் கழித்துத் திறந்தேன். திறந்த கையோடு வாசனை முகத்தில் அறைந்தது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பூச்சி வராதுப்பா இனிமே" என்றார். "சரிம்மா" என்றேன். சுருட்டு அத்தனையும் போயிற்று, அதை விடுங்கள். அந்த மரம் இருக்கிறதே, ஸ்பானிஷ் சிடார், அது வாசனையைக் குடித்தால் விடுவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இரண்டு மாதம் மொட்டைமாடி நிழலில் காற்றாட வைத்தேன். மழை நாளில் இப்போதும் லேசாக எழும்புகிறது.

திருவான்மியூர் கடற்கரை ஓரம்

எல்லாவற்றையும் படித்தேன். என் அனுபவம் இரண்டே வரி: அலமாரியைக் கடல் பக்க ஜன்னல் ஓரம் வைத்தேன், மாலை கடற்காற்று ஏற ஏற உள்ளே ஈரமும் ஏறியது, இடத்தை மாற்றினேன், சரியானது. ஆனால் எட்டு வருடமாக நானே அலமாரி செய்து வைத்துக்கொள்பவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்லியே ஆக வேண்டும்.

நாம் படிக்கிற குறிப்பெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்துபோகும், அதனால் தண்ணீர் சேர்ப்பது எப்படி என்பதே அவர்கள் கவலை. நமக்குக் காற்றிலேயே தண்ணீர் மிதக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம்தான். ஆகவே 30 டிகிரி, 70 சதவீதம் இருக்கும் நம் ஹால் காற்றில் 21 கிராம் இருக்கிறது. அதை 20 டிகிரி அலமாரிக்குள் விட்டால் மிச்ச 4 கிராம் எங்கே போகும்? சுவரில் வேர்க்கும். வேளச்சேரிக்காரருக்கு நடந்தது இதுதான், திரும்பத் திரும்ப. ஏசி அறையில் வையுங்கள், ஏசி ஓடும்போது மட்டும் திறங்கள். ஏசி காற்று ஏற்கெனவே பிழிந்த காற்று.

கார்க் வைத்து அடைத்தது தவறு. அந்தத் துளையில் ஒரு குழாய் மாட்டி, U மாதிரி வளைத்து, வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்க விடுங்கள். வாஷ்பேசின் அடியில் இருக்கிறதே, அதே ஏற்பாடு. தண்ணீர் வெளியேறும், காற்று உள்ளே வராது.

தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு: கேன் தண்ணீர் வேண்டாம், லாரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்புப் படிந்து ஸ்பாஞ்ச் கல்லாகிவிடும். ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுவதாக ஒரு நண்பர் சொன்னார். அதில் உப்பு குறைவு, உண்மை. ஆனால் ஏசிக்குள் இருக்கும் குளிர்க் குழாய்ச் சுருளின் தூசியும் பூசண விதையும் கலந்து வரும். மெடிக்கல் ஷாப்பிலோ பேட்டரிக் கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

பெரிய அலமாரிக்கு இரண்டு சின்ன ஃபேன் கட்டாயம். கம்ப்யூட்டரில் வருகிற 12 வோல்ட் ஃபேன் போதும், டைமர் வைத்து மணிக்குச் சில நிமிடம் ஓடினால் போதும். காற்று நகராத இடத்தில்தான் பூசணம் பிடிக்கும். பெட்டிகளைப் பின்சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், இரண்டு விரல் இடம் விடுங்கள். ஹியூமிடிஃபையருக்குப் பதில் பொவேடா பாக்கெட். 25 சுருட்டுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று என்பது கணக்கு. அது ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், கூடினால் இழுக்கவும் செய்யும். நம்மூர் வெக்கைக்கு 69 சதவீதப் பாக்கெட் வேண்டாம், 65 வாங்குங்கள். இது என் கட்சி, மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மரம். ஸ்பானிஷ் சிடார் பெயரில்தான் சிடார், உண்மையில் அது வேம்புக் குடும்பம். கிடைக்கவில்லை என்று பிளைவுட்டில் செய்யாதீர்கள். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் அலைந்து, கடைசியில் மஹோகனியில் செய்தேன், அதுவும் அதே குடும்பம்தான். பிளைவுட் பசை வாசனை அந்துருண்டைக்குத் தங்கச்சி. புது அலமாரிக்குள் உடனே அடுக்கவும் கூடாது. ஒரு கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் வைத்து மூடி, மரம் குடிக்கிற வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மரம் வளையும்.

கதவு இறுக்கத்தைப் பார்க்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் எரியவிட்டு மூடுங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் ஈரமும் கசியும்.

அண்ணா நகர் மேற்கு

திருவான்மியூர் சார், 65 சரி, ஆனால் ஏசி அறை எல்லோருக்கும் முடியுமா? கரண்ட் பில் வந்தால் தெரியும். அதோடு வண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

திருவான்மியூர் கடற்கரை ஓரம்

வாங்கியதும் ஃப்ரீசரில் போடுங்கள், எல்லாவற்றையும். வண்டு முடிந்தது.

குரோம்பேட்டை, சொந்த ஊர் உறையூர்

நான் பெரிய அலமாரிக்காரன் இல்லை, இருபது முப்பது சுருட்டுதான். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஆச்சி உறையூரில் சுருட்டு சுற்றியவர். திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறியதெல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குதான். நான்கு வருடத்துக்கு முன் கண் ஆபரேஷனுக்காக இங்கே வந்து தங்கினார். பெட்டியைக் காட்டினேன். வெளிநாட்டுச் சரக்கு, 70 காட்டுகிற மீட்டர் என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு கண்ணில் கட்டு. மீட்டரைத் தொடவில்லை. ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, காதுப் பக்கம் கொண்டுபோய் மெதுவாக அமுக்கினார். அடுத்ததையும் அப்படியே. நாலாவதில் நிறுத்தி, "நமத்துப் போச்சேய்யா. பதம் தாண்டிருச்சு. ரெண்டு நாள் தாள்ல சுத்தி வெளிய வை" என்றார்.

"எப்படி ஆச்சி தெரியுது?" என்று கேட்டேன். "அமுக்குனா கொஞ்சம் கொடுக்கணும், விட்டா திரும்பி வரணும். சத்தமே வரலைன்னா தண்ணி, நெறுநெறுன்னா காஞ்சு போச்சு" என்றார். கண்ணில் கட்டோடு பெட்டி முழுக்கப் பிரித்துக் கொடுத்தார். இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் நமத்தது. வலப்பக்கம் இருந்தவை அத்தனையும் பெட்டியின் கீழ் வரிசை.

அதனால்தான் வேளச்சேரி அண்ணன் சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கியது. மேலே இருக்கிற காற்றின் எண் கீழே இருக்கிற இலைக்குப் பொருந்தாது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து அமுக்கிப் பாருங்கள் அண்ணே. விரல் பழகிவிடும்.

மயிலாப்பூர் தெற்கு மாடவீதி

ஆச்சியின் விரலுக்கு வணக்கம். ஆனால் எல்லோருக்கும் அந்த விரல் வாய்க்காது. உப்புச் சோதனையை விட்டுவிடாதீர்கள். சரி, அந்த 2016 பெட்டி என்ன ஆயிற்று சார்?

வேளச்சேரி வாசி

பூசணம் நுனியோடு நின்ற இரண்டைத் துடைத்துக் காயவைத்தேன். உள்ளே வரை இறங்கிய நாலைத் தூக்கி எறிந்தேன். மற்ற 19-ஐயும் தனி டப்பாவில் 65 பாக்கெட்டோடு வைத்து ஒன்றரை மாதம் மெதுவாக இறக்கினேன். பெட்டி மட்டும் வளைந்துவிட்டது, மூடி சரியாக உட்காராது. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, மேஜை மேல் இருக்கிறது.

குரோம்பேட்டை தம்பி சொன்னபடி இப்போதுதான் அந்த 19-இல் ஒன்றை எடுத்துக் காதருகே அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கொடுத்தது, திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கார்க்கைப் பிடுங்கி அந்த U குழாயை மாட்டப் போகிறேன். எத்தனை மில்லிமீட்டர் குழாய் சார் போட்டீர்கள், திருவான்மியூர்?