யூஎஸ்பி ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறது, ஆனால் ஒலி வரவில்லை (உபுண்டு 22.04)

கேள்வி:
வணக்கம். என் மேசைக் கணினியில் புதிதாக ஒரு ஜோடி யூஎஸ்பி ஸ்பீக்கரைப் பொருத்தினேன். செருகியவுடன் முன்பக்கத்து நீல விளக்கு எரிகிறது. ஆனால் செட்டிங்ஸில் ஒலிப் பகுதியைத் திறந்தால், வெளியீட்டுப் பட்டியலில் கணினியின் பழைய ஒலி அட்டையைத் தவிர வேறு பெயர் இல்லை. வேறு துளையில் மாற்றிச் செருகியும் பயனில்லை. உடன் வந்த தாளில் விண்டோஸைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறது. டிரைவர் எதையாவது தனியாக நிறுவ வேண்டுமா?

மறுமொழி 1:
டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றும் ஸ்பீக்கர்களுக்கு வேண்டிய டிரைவர், லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் ஒரு பகுதியாக, உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அத்தகைய ஸ்பீக்கருக்குள் டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் சில்லும் இருப்பதால், கணினி அதை இன்னொரு ஒலி அட்டையாகவே எடுத்துக்கொண்டு பட்டியலில் தனிப்பெயரோடு காட்டும்.

உங்களுக்குப் பெயரே வரவில்லை என்பதால்தான் எனக்குச் சந்தேகம் எழுகிறது. விளக்கு எரிய 5 வோல்ட் மின்சாரம் போதும். தரவும் போகிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒரு முறையும் செருகிவிட்டு ஒரு முறையும் டெர்மினலில், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை இயக்கிப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு வரி கூடவில்லையென்றால், அந்த ஒயர் பெரும்பாலும் மின்சாரத்துக்கு மட்டுமானது, 3.5 மில்லிமீட்டர் பின்னோடு இன்னொரு ஒயர் எங்காவது இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு முறையும் அதே ஏழு வரிகள்தான் வந்தன. வலப்பக்க ஸ்பீக்கரின் பின்னால் வளையமாகச் சுருட்டிக் கட்டியிருந்த ஒயரை அவிழ்த்தபோது, அதன் நுனியில் நீங்கள் சொன்ன பின் இருந்தது. மிச்ச ஒயர் என்று நினைத்து நான்தான் தொடாமல் விட்டிருக்கிறேன். பச்சைத் துளையில் செருகியதும் பாட்டு வந்துவிட்டது. ஆனால் பாட்டை நிறுத்தினால் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. மவுஸை நகர்த்தினால் அதற்கேற்பக் கீச்சிடவும் செய்கிறது.

மறுமொழி 2:
மின்சாரமும் ஒலியும் ஒரே கணினியிலிருந்து இரண்டு ஒயர்களில் வருவதால் கிரவுண்ட் இணைப்பு (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் கம்பி) ஒரு வளையமாகிவிடுகிறது. கணினிக்குள் ஓடும் மின் இரைச்சல் அதன் வழியே ஸ்பீக்கருக்கு வந்து சேர்கிறது. லினக்ஸுக்கு இதில் பங்கில்லை. யூஎஸ்பி முனையைக் கணினியிலிருந்து எடுத்து, கைப்பேசி சார்ஜரில் செருகிப் பாருங்கள்.

மறுமொழி 3:
உண்மையிலேயே யூஎஸ்பி வழியாக ஒலி பெறும் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இங்கே தேடி வருபவர்களுக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயர் இருந்தும் ஒலி வரவில்லையென்றால், டெர்மினலில் ஆல்சாமிக்சர் (alsamixer) என்னும் ஒலியளவுக் கருவியைத் திறந்து, எஃப்6 விசையை அழுத்தி, அந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் கீழே எம்எம் என்றிருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது, எம் விசையை அழுத்தினால் திறந்துகொள்ளும்.

அடுத்தது, என்னைப் பல நாள் படுத்திய கோளாறு: யாராவது ‘வணக்கம்’ என்று பேசத் தொடங்கினால் ஸ்பீக்கரில் ‘க்கம்’ மட்டுமே கேட்கும். சில விநாடிகள் ஒலி இல்லாவிட்டால் அமைப்பு ஸ்பீக்கரை உறங்கவைத்துவிடுகிறது. அது விழிப்பதற்குள் முதல் அசை போய்விடுகிறது. உபுண்டு 22.04-இல் ஒலியை நிர்வகிக்கும் மென்பொருளாக இயல்பாக இருப்பது பல்ஸ்ஆடியோ என்பதால், அதன் டீஃபால்ட் அமைப்புக் கோப்பில் இப்படி உறங்கவைக்கும் சஸ்பெண்ட் ஆன் ஐடில் மாட்யூலை ஏற்றும் வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் (#) குறியிட்டு, மீண்டும் உள்நுழைந்தால் போதும். 22.10 முதல் அதற்குப் பதிலாகப் பைப்வயர் வந்துவிட்டதால், அங்கே அதன் துணை மென்பொருளான வயர்பிளம்பரின் அமைப்பில் சஸ்பெண்ட் நேரத்தை 0 என்று வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சார்ஜருக்கு மாற்றியதும் கீச்சொலி நின்றுவிட்டது. மிச்சமிருந்த இரைச்சலும், கணினியில் ஒலியளவைக் கூட்டி ஸ்பீக்கரின் குமிழைப் பாதிக்குக் குறைத்த பிறகு, காதை அருகில் வைத்தால்தான் கேட்கிறது. மிக்க நன்றி.