வீட்டு லேப்டாப்பில் நையாண்டி மேளம் பதிவு பண்ண என்ன வாங்கணும்?

மேலூர் மேளம்:
வணக்கம். எங்க செட்டுல நாயனம், தவில், பம்பை, தமுக்கு, பாடுறதுக்கு எங்க அக்கா. கோயில் கொடைக்குக் கூப்பிடுறவங்க முதல்ல "ஆடியோ இருந்தா அனுப்புங்க"ங்கறாங்க. போன்ல எடுத்தா தவில் அடி விழுற இடமெல்லாம் கிழியுது. 8 ஜிபி லேப்டாப் இருக்கு. ரெண்டு யூஎஸ்பி மைக் வாங்கிச் சொருகினா போதுமா?

விளாங்குடி கீபோர்டு:
ஆடாசிட்டின்னு ஒரு பதிவு மென்பொருள் இருக்கு, இறக்கிக்கங்க, காசு கிடையாது. ஒரு யூஎஸ்பி மைக்கை நடுவுல வச்சு ஆரம்பிங்க. ஆளுங்களைத் தள்ளித் தள்ளி உட்கார வச்சே சத்தத்தைச் சரி பண்ணிக்கலாம்.

குன்றத்து மாடி:
ஒரு மைக்குன்னா அவர் சொல்றது சரி. ரெண்டு யூஎஸ்பி மைக் மட்டும் வேண்டாம் தம்பி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் தனித்தனிக் கடிகாரம் ஓடுது, பாட்டு நீள நீள ஒண்ணு பிந்திரும். அந்தக் காசோட கொஞ்சம் சேர்த்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (பல மைக்கை ஒரே கடிகாரத்துல லேப்டாப்புக்கு அனுப்புற பெட்டி) வாங்குங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-ல ரெண்டு மைக்தான் போகும். பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி நாலு எடுக்கும். நாயனத்துக்கு ஒண்ணு, தவிலுக்கு ஒண்ணு, பம்பைக்கும் தமுக்குக்கும் பொதுவா ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு. கணக்கு சரியா வருது.

மைக் டைனமிக் வகையே போதும், ஷூர் எஸ்எம்57 மாதிரி. கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கணும், அது இன்டர்ஃபேஸ்லயே இருக்கு. ஆனா தெருவுல போற பஸ் ஹாரனையும் கண்டென்சர் சேர்த்து எடுக்கும்.

இனி முக்கியமான விஷயம். நாயனத்தோட அடியில விரிஞ்சிருக்கிற அணசுக்குள்ள மைக்கை நுழைக்காதீங்க. சத்தம் விரல் துளை வழியாவும் வருது. ஒன்றரை அடி தள்ளி, துளைங்களைப் பார்த்த மாதிரி வைங்க. தவிலுக்குக் கம்பால அடிக்கிற தொப்பிப் பக்கம் ஒட்டி வச்சா கம்புச் சத்தம் மட்டும் குமுறும், மறுபக்கம் வலந்தலையில கூடு (விரல் உறை) போட்ட விரல் பேசுறது காணாமப் போயிரும். முன்னால ரெண்டு மூணு அடி தள்ளி, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா நிறுத்துங்க.

சத்த அளவு பார்க்கும்போது ஆரம்பத்தை வாசிக்கச் சொல்லாதீங்க. வாசிப்பை முடிக்கிற கடைசித் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்க, அங்கதான் கை உச்சத்துக்கு ஏறும். அந்த அடி மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி கெயினை (மைக் சத்தத்தை ஏத்தி இறக்குற திருகு) குறைச்சு, 24 பிட்ல எடுங்க. சத்தம் கம்மியா இருந்தா பின்னால ஏத்திக்கலாம், கிழிஞ்சதைத் தைக்க முடியாது.

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழுசா ஓட்டிப் பார்க்க விடுறாங்க.

மேலூர் மேளம்:
ரொம்ப நன்றிண்ணே. க்ளிக் (வேகம் மாறாம தாளம் எண்ணுற டிக் டிக் சத்தம்) போட்டு ஒவ்வொருத்தரா தனித்தனியா எடுக்கணும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே? அப்புறம் எங்க மாடி ரூம் மொசைக் தரை, கைதட்டினாலே எதிரொலிக்குது.

குன்றத்து மாடி:
மேளத்துக்குக் க்ளிக் வேண்டவே வேண்டாம். நையாண்டி போகப் போக வேகம் பிடிக்கிற வாத்தியம். தவில்காரர் நாயனத்தோட மூச்சைப் பார்த்துத்தான் அடியைத் தள்ளுறாரு. அதைப் பிரிச்சா ஜீவனே போயிரும். நாலு பேரும் முகம் பார்த்து ஒண்ணா உட்காரட்டும். ஒரு மைக் சத்தம் இன்னொண்ணுல கலந்தா கலக்கட்டும், பயப்படாதீங்க.

அக்காவை மட்டும் பக்கத்து ரூம்ல உட்கார வச்சு, காதை மூடுற ஹெட்போன் மாட்டி, மேளத்துக்கு வழிகாட்டிக் கூடவே பாடச் சொல்லுங்க. மேளக்காரங்களுக்கு எடுப்பு, அதான் அக்கா பாட்டைத் தொடங்குற இடம், தெரியணும், அதனால கதவை ஒருக்களிச்சு வைங்க. மேளம் நல்லா அமைஞ்ச பிறகு அதைக் கேட்டுக்கிட்டே அவங்க குரலைத் திரும்ப எடுக்கலாம். அப்ப மென்பொருள்ல பஃபரை (லேப்டாப் சத்தத்தைச் சேர்த்து வச்சு அனுப்புற அளவு) 128-க்கு இறக்கிருங்க, இல்லேன்னா அவங்க குரல் அவங்களுக்கே பிந்திக் கேட்கும். மிக்ஸ் பண்ணும்போது 1024-க்கு ஏத்துங்க, லேப்டாப் திணறாது.

ரூமுக்கு ஜமுக்காளத்தை விரிங்க, பஞ்சு மெத்தைங்களைச் சுவரோரம் சாத்துங்க. ஃபேனை நிறுத்தணும், அதனால விடியக்காலையில வச்சுக்கங்க. முதல் டேக்கை இங்க போடுங்க, தவில் மைக்கை எங்க நகர்த்தணும்னு கேட்டுச் சொல்றேன்.