என்ஏபிஎல்-க்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு சந்தேகம்

வணக்கம். எங்களுடையது நான்கு பேர் வேலை பார்க்கும் சின்ன மருத்துவப் பரிசோதனை லேப். மருத்துவ லேப்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 15189:2022 படி, லேப்களை மதிப்பிடும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரத்துக்குத் தயாராகி வருகிறோம். எஸ்ஓபி (செய்முறைக் குறிப்புகள்) எல்லாம் எழுதியாச்சு, வேலூர் சிஎம்சியின் பயோகெமிஸ்ட்ரி ஈக்வாஸில் (வெளியிலிருந்து தரம் பார்க்கும் திட்டம்) சேர்ந்தாச்சு, பிப்பெட் கேலிபரேஷனும் முடிந்தது.

சிக்கல் பதிவேட்டில்தான். ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலைத் தாளைப் போன வாரம் புரட்டினேன். மாதம் முழுக்கக் காலையும் மாலையும் 4 டிகிரி. ஒரே பேனா, ஒரே சாய்வு. லேப் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையிலும் 4 டிகிரி! கேட்டால், "2லிருந்து 8க்குள்ளதானே சார் இருக்கு" என்கிறான் டெக்னீஷியன் தம்பி.

அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நாமே என்சியாக (தரநிலைக்கு ஒவ்வாத குறையாக) பதிந்து, காரணமும் திருத்த நடவடிக்கையும் எழுதி வைப்பதுதான் சரி என்று படுகிறது. ஆய்வுக்கு வரும் அசெஸர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், குளுக்கோஸ் கன்ட்ரோல் (சோதனை சரியா என்று பார்க்க ஓட்டும் மாதிரி) ஆறு நாளாகச் சராசரிக்கு மேலேயே ஓடுகிறது. 2 எஸ்டி-யை (திட்ட விலக்கம்) தாண்டவில்லை. வெஸ்ட்கார்டின் 10எக்ஸ் விதி (தொடர்ந்து பத்து முடிவுகள் சராசரிக்கு ஒரே பக்கம்) வரும்வரை பொறுப்பீர்களா, இப்போதே கேலிபரேட் செய்வீர்களா? கன்ட்ரோல் முடிவுகளைக் குறிக்கும் லெவி ஜென்னிங்ஸ் சார்ட்டைக் கேட்டால் படம் போடுகிறேன்.