ஆர்டி 350-க்கு முன்பக்கம் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடலாமா? ஏற்காடு இறக்கத்தை வைத்துச் சொல்லுங்கள்

அம்மாபேட்டை ஆர்டி

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ராஜ்தூத் 350 (யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி நம் ஊரில் செய்தது) ஒன்று நின்றிருந்தது. முன் ஃபோர்க்கைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வேறொரு வண்டியின் டிஸ்க் ஃபோர்க்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றியதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பழைய இரும்புக்குத்தான் போகும் சார்" என்றார் அங்கிருந்த பையன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

என் முதல் ஆர்டியை 1988-ல் வாங்கினேன். வீட்டில் தறி ஓடிய காலம். சீட்டு எடுத்த பணத்தில், ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்தவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஹெச்டி, அதாவது பவர் அதிகமான மாடல் அது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர், 30.5 குதிரைத்திறன். வண்டியை விற்ற மனுஷன் சாவியைக் கொடுக்கும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஐயாயிரம் ஆர்பிஎம் தாண்டும்போது கையைத் தளர்த்திப் பிடிக்காதே தம்பி." கோரிமேடு தாண்டி அடிவாரம் போகும் நேர் ரோட்டில் அதற்கு அர்த்தம் புரிந்தது. அதுவரை சாதுவாக வந்த வண்டி திடீரென்று முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் பாய்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

தங்கச்சி கல்யாணத்துக்காக 1996-ல் விற்றேன். பதினைந்து வருஷம் கழித்து, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் கொட்டகை ஒன்றின் மூலையில் இன்னொன்று கிடைத்தது. இன்றும் மாதம் இரண்டு முறை ஏற்காட்டு மலைச்சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிறேன். முன்பக்கம் அதே டிரம் பிரேக்தான். ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும் என்பதுதான் என் கருத்து. வெட்டாதீர்கள், மாற்றாதீர்கள்.

கோரிமேடு ரைடர்

அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை ஏற்க முடியவில்லை. நான் டிஸ்க் போட்டவன்.

2019 மார்கழி. ஏற்காட்டிலிருந்து இறங்குகிறேன். பின்னால் மனைவி. மேலே பனி, கீழே வர வர வெயில். பத்தாவது வளைவு வரை ஒன்றுமில்லை. ஒன்பதில் லீவர் கொஞ்சம் உள்ளே போனது. எட்டில் இன்னும் கொஞ்சம். ஏழாவது வளைவில் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. எதிரே பஸ் ஏறி வருகிறது. உள்பக்கச் சாக்கடையில் இறக்கினேன். மனைவிக்கு முழங்கையில் தோல் போனது, அவ்வளவோடு தப்பித்தோம். முன் டிரம்மிலிருந்து வந்த அந்தக் கருகல் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஜப்பானில் 1973-ல் வந்த ஆர்டி 350-க்கு முன்பக்கம் டிஸ்க்தான். நம் ஊர் வண்டிக்குத்தான் ஏழு அங்குல டிரம் வந்தது. அப்படியென்றால் எது ஒரிஜினல்? வடிவமைத்தவர்கள் கொடுத்ததைத்தான் நான் திரும்பக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாபேட்டை ஆர்டி

தம்பி, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. இருவரும் நல்லபடியாக இருப்பதே பெரிது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அப்போது பிரேக் ஷூவில் என்ன லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) போட்டிருந்தீர்கள்? எந்த கியரில் இறங்கினீர்கள்? டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜின் பிடிப்பது குறைவு. ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட் மாதிரி நினைத்து நாலாவதில் விட்டால், முழு பாரமும் பிரேக் தலையில்தான் விழும். நான் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு வந்துவிடுவேன். நடுநடுவே ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகியும் விடுவேன். மூடியே இறங்கினால், இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்ப் தரும் ஆயில் குறைந்துபோகும். இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிஸ்டன் சீஸ் ஆவது, அதாவது சூட்டில் இறுகிச் சிக்கிக்கொள்வது, பல சமயம் இப்படித்தான்.

லேத் பட்டறை

முப்பது வருஷமாக டிரம் கடைகிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஆர்டியின் முன் டிரம்மில், உள்ளிருந்து அதை அழுத்தும் இரண்டு ஷூவுக்கும் தனித்தனி கேம், அதாவது ஷூவை விரித்துத் தள்ளும் துண்டு. வெளியே அந்த இரண்டு கேமையும் ஒரு சின்ன ராடு இணைக்கிறது. சக்கரம் முன்னால் சுழலும்போது இரண்டு ஷூவையும் டிரம்மே தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாதாரண டிரம்மைவிட அதிகமாகப் பிடிக்கிறது. ஆனால் அந்த ராடின் நீளம் அரை சுற்று தப்பினாலும் ஒரு ஷூ முதலில் தொடும், இன்னொன்று சும்மா நிற்கும். என்னிடம் வரும் பத்து ஆர்டியில் ஏழெட்டு அப்படித்தான் வருகிறது. கேபிளைத்தான் முறுக்குகிறார்கள், ராடை யாரும் தொடுவதில்லை.

அடுத்தது, புது ஷூவை வாங்கி அப்படியே மாட்டுவது. ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒத்துப்போகாது. நடுவில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருக்கும், இரண்டு ஓரமும் புதுசாகவே இருக்கும். அந்த நாலு விரல்தான் மொத்த வண்டியையும் நிறுத்துகிறது. ஸ்போக் இறுக்கிய பிறகு டிரம் வட்டம் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பவர்களும் குறைவு. ஸ்போக் இழுக்கிற இழுப்பில் டிரம் முட்டை வடிவத்துக்குப் போகும். வீலோடு சேர்த்து லேத்தில் ஏற்றித்தான் கடைய வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு உண்மையை மறைக்க முடியாது. டிரம் சூடானால் விரியும், ஷூவைவிட்டு விலகும், லீவர் உள்ளே போகும். டிஸ்க் சூடானால், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடை நோக்கித்தான் தடிக்கும். சூட்டைத் தாங்குவதில் டிஸ்க்குக்குத்தான் பலம்.

ரோட்கிங் 84

எஸ்டி ரோட்கிங் பைக் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 250 சிசி, 16 குதிரைத்திறன். உங்கள் வண்டியில் பாதி பவர்தான். என் முன் டிரம்மும் பெரிய சங்கதி இல்லை. ஆனால் ஒருநாளும் ஏற்காடு இறக்கத்தில் எனக்குப் பிரேக் சூடானதில்லை. காரணம் எளிது. நான் அந்த வேகத்தில் இறங்குவதே இல்லை. பந்தய வண்டி வைத்திருப்பவர்கள் ஏறும்போது பவரை அனுபவிக்கிறீர்கள், இறங்கும்போது அதே மனநிலையில் இறங்குகிறீர்கள். டிரம்மா டிஸ்க்கா என்பது அப்புறம் வருகிற கேள்வி.

மேலே போனதும் வண்டி கும்முகிறது, பிளக் கருக்கிறது என்று புலம்புபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். காற்று மெலிந்துவிடும், அதே பெட்ரோல் இன்ஜினுக்கு அதிகமாகிவிடும். அது வண்டியின் குற்றம் இல்லை.

கோரிமேடு ரைடர்

லேத் அண்ணா, நன்றி. நான் அப்போது போட்டிருந்தது கடையில் கிடைத்த மலிவு லைனிங்தான், கடையவும் இல்லை. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது கியரில் இறங்கினேன்.

ஆனால் ரோட்கிங் அண்ணா, வேகம் மட்டும் காரணம் இல்லை. அன்று நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஆள் இருந்தால் நாற்பதிலேயே டிரம் சூடாகிறது.

இன்னொன்றையும் யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த இரட்டை ஷூ முன்னால் சுழலும்போதுதான் இழுத்துப் பிடிக்கும். பின்னால் உருண்டால்? ஏறும்போது வளைவின் உள்பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்று பாருங்கள். முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மெதுவாகப் பின்னால் நழுவும். எனக்கு இரண்டு முறை நடந்தது. டிஸ்க்குக்கு முன்னால் பின்னால் என்ற பேதம் இல்லை.

அம்மாபேட்டை ஆர்டி

இதை மறுக்க மாட்டேன். 1989-ல் பதினான்காவது வளைவில் எனக்கே நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது, முன்னால் மரம் ஏற்றிய லாரி. நின்றேன். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்சை மாற்றிப் பிடிக்கும் நேரத்தில் வலது காலை எடுத்துவிட்டேன். அரை நொடிதான். வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. பின்னால் யமஹா ஆர்எக்ஸ் 100-ல் வந்த என் சிநேகிதன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின் கேரியரைப் பிடித்தான். அன்றிலிருந்து ஏற்றத்தில் வலது காலை எடுப்பதே இல்லை.

அந்த ஆர்எக்ஸ் பற்றி ஒரு விஷயம். வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன், 103 கிலோ. நேர் ரோட்டில் நான் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவேன். வளைவுகள் நெருக்கமாக வரும் இடத்தில் அவன் என் பின் சக்கரத்தை ஒட்டியே வருவான். ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனை போய் நிறுத்தினால் இருவருக்கும் இரண்டு நிமிஷம்தான் வித்தியாசம். இரண்டு இன்ஜினும் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவன் இப்போது இல்லை. அந்த வண்டியை அவன் மகன் வைத்திருக்கிறான், ஒரு நட்டு மாற்றாமல்.

நான் ஒரிஜினல் என்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான் தம்பி. எஸ்கார்ட்ஸ் இந்த வண்டியைச் செய்தது 1983-ல் தொடங்கி ஏழெட்டு வருஷம்தான். இனி வராது. ஒவ்வொரு ஃபோர்க்காகப் பழைய இரும்புக்குப் போனால், பிறகு பார்ப்பவனுக்கு அது எப்படி இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை ஒரிஜினலாக வைத்திருந்தால் விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். 1985 வண்டிக்கு 2035-ல் அந்தத் தகுதி வரும்.

கோரிமேடு ரைடர்

அந்த விதியை நானும் படித்தேன் அண்ணா. விண்டேஜ் பதிவு வாங்கினால் சாதாரணமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்றுதான் எடுக்கலாம். மாதம் இரண்டு முறை ஏற்காடு போகும் உங்களுக்கு அந்தப் பதிவு வேண்டுமா? எனக்கு வேண்டாம். எனக்கு ஓட்ட வேண்டும். ஓட்டுகிற வண்டி நிற்கவும் வேண்டும்.

காப்பித் தோட்டம்

நான் வண்டி ஓட்டுபவள் இல்லை. வளைவுகள் முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் பேசுவதைப் பொறுமையாகப் படித்தேன்.

உங்கள் பிரேக் எதுவாகவும் இருக்கட்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சைலன்சரைக் கழற்றிவிட்டு ஏதோ சேம்பர் மாட்டிய வண்டிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஏறும்போது என் மாமியார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு 81 வயது. குரங்குக் குட்டிகள் ரோட்டில் சிதறுகின்றன. தோட்டத்து வேலைக்கு நடந்து போகும் பெண்கள் ஓரத்துக் கல்லில் ஏறி நிற்கிறார்கள். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அதை மதிப்பவர்களை அதிகம் காண முடியவில்லை. பழைய வண்டி மேல் இருக்கும் அன்பில் கொஞ்சம் அது போகும் பாதை மேலும் வைக்கக் கூடாதா?

அம்மாபேட்டை ஆர்டி

அம்மா, நீங்கள் சொன்னது நியாயம். என் வண்டியில் கம்பெனி சைலன்சர்தான் இருக்கிறது, உள்ளே சத்தத்தைக் குறைக்கும் பேஃபிளும் இருக்கிறது. ஆனாலும் கூட்டமாக வருபவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்களிடம் நேரில் பேசுகிறேன். பேஃபிளைக் கழற்றினால் பிக்கப் கூடும் என்று நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் அளவே இன்ஜினோடு சேர்த்துக் கணக்குப் போட்டது. கண்டபடி கை வைத்தால் சத்தம்தான் மிச்சம்.

லேத் பட்டறை

டிஸ்க் போட்டவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மாற்றுகிற ஃபோர்க் பழைய ஃபோர்க்கைவிட நீளம் குறைவாக இருந்தால் முன்பக்கம் தாழும், அதிவேகத்தில் ஹேண்டில் உதறும். அளந்து போடுங்கள். அப்புறம், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மூன்று வருஷம் மாற்றாமல் விட்டால் மலை இறக்கத்தில் அதுவும் கொதிக்கும், டிஸ்க்கிலும் லீவர் உள்ளே போகும். கோரிமேடு தம்பி, உங்கள் பழைய ஃபோர்க், ஹப், ஷூ எல்லாம் எங்கே?

கோரிமேடு ரைடர்

எதையும் எடைக்குப் போடவில்லை அண்ணா. மாடியில் கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். கிரீஸ் தடவித்தான் வைத்தேன். பிரேக் ஆயில் மாற்றி நான்கு வருஷம் ஆகிறது, இந்த வாரமே மாற்றிவிடுகிறேன்.

அம்மாபேட்டை ஆர்டி

ரொம்ப சந்தோஷம் தம்பி. டிஸ்க்கைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஹப்பை ஒருநாள் லேத் அண்ணன் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ஷூவைக் கடைந்து, ராடை சரிபார்த்து, என் வண்டியில் மாட்டி, நீங்களே பின்னால் உட்கார்ந்து இறங்கிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கோணிப்பையிலேயே இருக்கட்டும்.

கோரிமேடு ரைடர்

வருகிறேன் அண்ணா. ஆனால் இறங்கும்போது நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஏழாவது வளைவில் லீவர் எங்கே நிற்கிறது என்று என் விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

லேத் பட்டறை

புதன்கிழமை காலையில் லேத் காலியாக இருக்கும். வீலோடு கொண்டுவாருங்கள். ஸ்போக்கில் கை வைக்காமல் வாருங்கள்.