நேசமணியின் மலையாள மூலம்: யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா 30 வருடம் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்தவர். இடுப்பு ஆபரேஷன் முடிந்து இப்போது படுக்கையில் இருக்கிறார். 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலு தலையில் சுத்தியல் விழும் காட்சியைப் போட்டால்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார். வேலைக்கு வந்தவர்களே வீட்டை ரெண்டாக்குவதை நேரில் பார்த்தவர் அல்லவா! "மேல நிக்கிறவன் சுத்தியலைக் கயித்துல கட்டியிருக்கணும்டா" என்பார், ஒவ்வொரு முறையும்.

இந்தப் படத்தை இயக்கிய அதே சித்திக் 1999இல் எடுத்த மலையாள மூலப் படத்தில் ஜெகதி ஸ்ரீகுமார்தான் அந்த கான்ட்ராக்டர். அப்பாவுக்கு அதையும் காட்ட ஆசை. தமிழ் சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்? ரெண்டையும் பார்த்தவர்கள், பெயிண்டிங் காட்சிகள் எங்கெங்கே மாறுகின்றன என்றும் சொல்லுங்கள். அவருக்கு மலையாளம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.