செஸ்ஸில் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி ராணி போய்விட்டது: ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை) மாற்றலாமா?

காரைக்குடி அப்பா:
மகனுக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நாலாவது சுற்று, இவன் கறுப்பு. நகர்த்தல்களைக் கட்டத்தின் பெயரால் சொல்கிறேன், ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு: இ4 இ6 (இதுதான் பிரெஞ்சு டிஃபென்ஸ்), டி4 டி5, இ5 சி5, சி3 குதிரை சி6, குதிரை எஃப்3 ராணி பி6. அடுத்து வெள்ளை பிஷப் டி3-க்கு வந்தது. டி4-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. அங்கே நிற்கும் வெள்ளைச் சிப்பாயை இவனுடைய ராணி, குதிரை இரண்டும் தாக்குகின்றன, காவலுக்கு ஒரே குதிரைதான். எண்ணிப் பார்த்துத்தான் குதிரையால் வெட்டினான். குதிரை திரும்ப வெட்ட, இவன் ராணி அதை வெட்ட, பிஷப் பி5-க்குப் போய்ச் செக்! டி1-இல் நிற்கும் வெள்ளை ராணிக்கு வழி திறந்துவிட்டது. இவன் ராணி காலி.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் போர்டை விரித்து ஏழெட்டுத் தடவை அதையே ஆடிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அந்த பிஷப்பைத் தூக்கியதும் கை அப்படியே நின்றுவிடும். ஆயா சுட்ட கந்தரப்பத்தைத் தொடவே இல்லை. இனிமேல் பிரெஞ்சே வேண்டாம் என்கிறான். வேறு ஏதாவது சொல்லிக்கொடுக்கலாமா?

தேவகோட்டை கோச்:
மாற்றாதீர்கள் தம்பி. ஓப்பனிங்கில் குறையில்லை, ஒரு நகர்த்தல் முந்திவிட்டான், அவ்வளவுதான். முதலில் சி8 பிஷப்பை டி7-இல் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பி5-இல் செக் கிடையாது, டி4 சிப்பாய்க்கு நிஜமாகவே ஆபத்து. அப்போதும் வெள்ளை அந்தச் சிப்பாயைக் கொடுத்துவிட்டு காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைப்பது) செய்யலாம். அதுதான் மில்னர்-பாரி கேம்பிட் (கேம்பிட் என்றால் லாபத்துக்காகத் தெரிந்தே காயைக் கொடுப்பது). அந்த மில்னர்-பாரி இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் இருந்தவர். அங்கே இ5 சிப்பாயையும் சேர்த்து அள்ள ஆசை வரும். அள்ளினால் யானை இ1-க்கு வந்து ராணியை விரட்டும். ஏ6 ஆடி, பி5-க்குக் குதிரை வராமல் தடுப்பது நல்லது.

பள்ளத்தூர் அம்மா:
என் மகளும் இதே இடத்தில் ராணியை விட்டு அழுதாள். அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன்னால், "வெட்டி முடிந்ததும் எதிராளிக்குச் செக் இருக்கா?" என்று பார்க்கப் பழக்கினேன். காவலை எண்ணும்போது பிஷப்புக்குப் பின்னால் நிற்கும் ராணியையும் எண்ணச் சொல்லுங்கள். இன்னொன்று, 1834-இல் தொடங்கிய லண்டன்–பாரிஸ் கடித ஆட்டத்தில் (நகர்த்தல்களைக் கடிதத்தில் எழுதி அனுப்பி ஆடுவது) பாரிஸ்காரர்கள் ஆடி ஜெயித்ததால்தான் இதற்கு பிரெஞ்சு என்று பெயர். அதைச் சொன்ன பிறகுதான் என் பிள்ளை மறுபடி ஆட உட்கார்ந்தாள்.

காரைக்குடி அப்பா:
ரொம்ப நன்றி. பிஷப்பை டி7-இல் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "செக் இல்லை அப்பச்சி" என்றான். இப்போது என்னை வெள்ளைப் பக்கம் உட்காரவைத்திருக்கிறான். கோச் ஐயா, ஏ6 ஆடிவிட்டான், நான் அடுத்து எதை நகர்த்துவது?